உயரம் மட்டும் போதுமா?

பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அருகில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை மனத்தில் கொள்வோம். பதினைந்து வயது மகன் ஆறடி வளர்ந்துவிட்டான். பள்ளிக் கூடைப்பந்து அணியில் ‘பார்வர்டு’ எனப்படும் முன்னணி ஆட்டக்காரன். “இந்த உயரத்திற்கு இவன் எங்கோ போய்விடுவான்” என்கின்றனர் அண்டை வீட்டார். படிப்பைக் குறைத்துப் பயிற்சிக்கு அனுப்புவதா, பந்தை விட்டுவிடச் சொல்வதா என்று தந்தையார் கலங்குகிறார். அவர் எதைக் கொண்டு முடிவு செய்வது?

கூடை தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நெடியவனுக்கு நன்மை உண்டு. ஆயினும் உயரம் ஒரு தொடக்கமே. பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் ஏழடிக்கும் மேற்பட்ட உயரமுள்ளவர், நடு ஆட்டக்காரர். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் அணி அவரை 52ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருடையது. எனினும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலேனும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நெடியவரும் விரைந்து ஓட வேண்டும், தொலைவிலிருந்து எறிய வேண்டும் என்று ஆட்டமே மாறிவந்த காலம் அது.

இன்னொன்றையும் கருத வேண்டும். பதினைந்து வயதில் சிலர் முன்னதாகவே வளர்ந்துவிடுவர். சிலர் பின்னர் வளர்வர். இன்று தோழர்களைவிடத் தலை உயர்ந்து நிற்பவன், மூன்றாண்டில் அவர்களுக்குச் சமமாகிவிடலாம். கூடையின் அடியிலேயே நின்று பழகியவனுக்கு அப்போது கைகொடுக்க வேறு திறன் இராது. ஆதலின் நெடிய சிறுவனுக்கும் பந்தைத் தட்டிச் செல்லவும், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியவும் கற்பித்தல் வேண்டும்.

அப்படியானால் எவற்றை நோக்குவது? முதலாவது, கால்கள். ஓடிவந்து தடுமாறாமல் நிற்கிறானா? ஒரு காலை ஊன்றி மறு காலால் திரும்புகிறானா? இரண்டாவது, பழகாத கை. இடக்கையால் பந்தைக் கொண்டுசெல்ல இயலாதவனை எதிரணியினர் விரைவில் கட்டிப்போட்டுவிடுவர். மூன்றாவது, பந்து தன்னிடம் இல்லாத வேளை. பலகையில் மோதித் திரும்பும் பந்துக்காக, எதிரியை முதுகால் மறித்து இடம் பிடிக்கிறானா? நான்காவது, குரல். பயிற்சியாளர் கன்னடத்தில் ஆணையிட, தோழன் உருதுவில் அழைக்க, வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளை களத்தில் வாய் திறந்து தோழரை எச்சரிக்கிறானா? தற்காப்புக்கு இஃது இன்றியமையாதது.

புள்ளிகளை மட்டும் எண்ணுவதும் தவறு. முப்பது முறை எறிந்து பத்து முறை கூடையில் இட்டவனைவிட, பத்து முறை எறிந்து ஆறு முறை இட்டவன் அணிக்குப் பயன் மிக்கவன். எல்லாவற்றினும் மேலான அளவுகோல், சென்ற மாதம் சுட்டிய பிழை இம்மாதம் குறைந்ததா என்பதே.

சிவாஜிநகரிலிருந்து கண்டீரவா அரங்கம் தொலைவில் இல்லை. 2017 ஜூலையில் மகளிர் ஆசியக் கோப்பைப் போட்டி அங்கு நடைபெற்றது. ‘பி’ பிரிவின் இறுதியாட்டத்தில் இந்திய அணி கஜகஸ்தானை 75-73 என வென்றது. அவ்வணியில் ஆடிய சென்னையின் அனிதா பால்துரைக்கு அது ஒன்பதாவது ஆசியப் போட்டி. முதற்போட்டி 2001ஆம் ஆண்டில்! 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது. பதினாறு ஆண்டுகள் நிலைத்து ஆடுதல், பிறவி உயரத்தால் மட்டும் கைகூடுவதன்று.

ஆகவே தந்தையார் இன்றே தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். மேற்கூறிய நான்கையும் மாதந்தோறும் ஓராண்டு குறித்து வரட்டும்; பள்ளிப் படிப்பும் உடன் நடக்கட்டும். ஆண்டிறுதியில் அக்குறிப்பேடு, அண்டை வீட்டார் சொல்லைவிட நம்பத்தக்க விடையைத் தரும்.