மணவிழாவும் மரபுடையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. மணவிழாவிலே இவ்வழக்கு சற்று மாறுகின்றது. அங்கே ஆடையின் சிறப்பு மணமக்களுக்கு உரியது. ஆடையின் மரியாதை விருந்தினருக்கு உரியது. இவ்வேற்றுமையை உணர்ந்தவர்க்கு, எவ்வகை மணவிழாவிலிருந்து அழைப்பு வந்தாலும் கலக்கம் நேராது.

மலையகத்திலே இக்கலக்கத்துக்கு இடமுண்டு. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலே பிறந்த இளைஞர் பலர் இன்று ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பல இனத்தவரோடு பணிபுரிகின்றனர். உடன் பணிபுரிவோரின் திருமண அழைப்பு வருகின்றது. மணமகன் கண்டியரசின் பிரதானியைப்போல உடுத்து வருவான் என்கின்றனர். அல்லது, விடுதியாக மாறிய பழைய துரை பங்களா ஒன்றிலே ஸ்கொட்லாந்து முறையில் மணவிழா நிகழும் என்கின்றனர். ‘நாமும் அவ்வாறே உடுக்க வேண்டுமோ?’ என்ற ஐயம் எழுவது இயல்பே.

முதலிலே கண்டி மரபை நோக்குவோம். கண்டி அரசு 1815ஆம் ஆண்டிலே முடிவுற்றது. எனினும் அவ்வரசவையின் உடை சிங்கள மக்களின் மணப்பந்தலிலே இன்றும் வாழ்கின்றது. மணமகன் நீண்ட துணியை இடையிலே பல மடிப்பாகச் சுற்றி, தோள் புடைத்த சரிகைச் சட்டை அணிந்து, நாற்கோண முடி தரித்து வருகின்றான். இது ‘நிலமே’ எனப்பட்ட பிரதானிகளின் கோலம். மணமகள் ‘ஒசரி’ என்னும் முறையிலே சேலையுடுத்து, கழுத்திலே ஏழு மாலைகள் பூணுவாள். அவள் தலையிலே சூரிய சந்திர வடிவான அணிகள் விளங்கும். தமிழ் மணப்பெண் சூடும் சூரியப் பிரபை, சந்திரப் பிரபைகளை இவை நினைவூட்டுகின்றன. 1739 முதல் கண்டியை ஆண்டோர் தென்னாட்டு நாயக்க மரபினர் என்பதையும் இங்கே கருதலாம்.

ஆயின், நிலமேயின் கோலம் பதவியின் அடையாளம். அன்றைக்கு அப்பதவி மணமகனுடையது. ஆதலின் விருந்தினர் அதனை மேற்கொள்ளுதல் பொருந்தாது. ஆடவர் வேட்டியும் சட்டையுமோ, காற்சட்டையும் கோட்டுமோ அணியலாம். பெண்டிர் தாம் வழக்கமாக உடுக்கும் முறையிலேயே சேலை உடுக்கலாம். மணமகள் பெரும்பாலும் வெண்ணிறம் உடுத்துவாளாதலின், முழு வெள்ளைச் சேலையைத் தவிர்ப்பது நலம்.

இனி ஸ்கொட்லாந்து மரபு. அது கெல்டிக் மக்களின் வழிவந்தது, மலைநாட்டுக்குப் புதியதன்று. 1867இலே லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். டன்சினன், ஹோலிரூட், எடின்பரோ என்னும் தோட்டப் பெயர்களும் அந்நாட்டு இடப்பெயர்களே. அம்மரபின் ஆடவர் உடை கில்ட் எனப்படும். அது முழங்காலளவே உள்ள, பின்புறம் கொசுவம் வைத்த கம்பளி ஆடை. முன்னே தோற்பையொன்று தொங்கும். கட்டங்களின் நிறமும் அமைப்பும் அணிபவரின் குலத்தைக் காட்டுவதாகக் கொள்வர். 1746இலே பிரித்தானிய ஆட்சி இவ்வுடையைச் சட்டத்தால் தடுத்தது. 1782இலேதான் தடை நீங்கிற்று. தடுக்கப்பட்ட உடையாதலின் அம்மக்களுக்கு அதன்மீது பற்று மிகுதி. அதனை விளையாட்டாகக் கருதி நகையாடுதல் தகாது.

இவ்விழாவிலும் கில்ட் அணிவது விருந்தினரின் கடமையன்று. சாதாரணக் கோட்டு போதும். பெண்டிர்க்குப் பட்டுச் சேலையே அழகு. பழமையோடு ஒன்ற விரும்புவோர் பச்சை, பழுப்பு, கருஞ்சிவப்பு போன்ற ஆழ்ந்த நிறங்களைத் தேர்ந்து, தோளிலே ஒரு கம்பளிச் சால்வையை இட்டுக்கொள்ளலாம். 6000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் மாலைக் குளிருக்கும் அச்சால்வை உதவும்.

பொருள் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாயாயிற்று. இடையிலே படங்கு கட்டி, மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து ஈட்டிய அப்பணத்தை, ஒருநாள் வேடத்துக்காகக் கடனாளியாகி இழப்பது அறிவுடைமையாகாது. உடையில்லை என நாணி, அன்போடு அழைத்தவர் வீட்டுக்குச் செல்லாதிருத்தல் அதனினும் வருந்தத்தக்கது.

இதிலே விழா நடத்துவோருக்கும் ஒரு கடமையுண்டு. 1876இலே தோன்றிய நுவரெலியாவின் ஹில் கிளப்பிலே, இராவுணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும் என்பது நெடுங்கால விதி. ஆயினும், இல்லாதவர்க்கு இரவல் கொடுக்க அங்கேயே கோட்டுகள் வைத்திருந்தனர். துரைமார் கழகமே கைக்கொண்ட இந்நெறி திருமண வீட்டாருக்கும் பொருந்தும். குறித்த உடையை வேண்டுவோர் அதனைத் தாமே அளித்தல் வேண்டும். இயலாதெனின், வந்தவரை வந்த கோலத்திலேயே முகமலர்ந்து வரவேற்றல் வேண்டும்.

துவைத்து மடித்த வேட்டியும், பேழையிலே காத்துவைத்த கூறைச் சேலையும் எந்த மணப்பந்தலிலும் தலைகுனியத் தேவையில்லை. அவையும் ஒரு மரபின் உடைகளே.