சாளரங்களின் தோற்றத்தை மாற்றும் மென்பொருள்: பள்ளிக் கணினிக்கு எது ஏற்றது?

கணினிப் பயிற்சிகளில் சக ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "திரையில் திறக்கும் சாளரங்களின் தோற்றத்தை மாற்ற எந்த மென்பொருளை நிறுவலாம்?" கேள்வி ஒன்றாக இருந்தாலும் தேவை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவருக்குத் தலைப்புப் பட்டை வண்ணமாக வேண்டும். இன்னொருவருக்குப் பழகிப்போன பழைய ஸ்டார்ட் மெனு வேண்டும். வேறொருவருக்கோ, கடைசி வரிசை மாணவருக்கும் எழுத்து தெரிய வேண்டும். தேவை எது என்று தெளிவானாலே தேர்வு பாதி முடிந்துவிடும். பல நேரங்களில் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதும் அப்போது புரியும்.

சாளரத்தை வரைவது யார்?

ஒரு சாளரத்தின் உள்ளே இருக்கும் எழுத்தையும் படத்தையும் அந்தந்தச் செயலி வரைகிறது. சுற்றியுள்ள சட்டம், மேலே உள்ள தலைப்புப் பட்டை, மூடும் பொத்தான் ஆகியவற்றைப் பெரும்பாலும் இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது.

விண்டோஸில் இந்தத் தோற்றம் தீம் கோப்புகளிலிருந்து வருகிறது. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என மூன்று வண்ணங்களைத் தந்தது நினைவிருக்கலாம். சட்டத்தின் வடிவத்தையே மாற்றும் தீம்களைப் பொறுத்தவரை, மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் உள்ளவற்றை மட்டுமே விண்டோஸ் ஏற்கும்.

லினக்ஸில் நிலை வேறு. அங்கே சாளரச் சட்டத்தைக் கவனிக்க 'விண்டோ மேனேஜர்' என்ற தனி நிரல் உண்டு. அதன் தோற்றத்தை மாற்றுவது அமைப்புகளிலேயே உள்ள சாதாரண வசதி.

மூன்று வகை மென்பொருள்கள்

முதல் வகை, கணினியோடு வரும் வசதிகள். விண்டோஸ் 11இல் 'பெர்சனலைசேஷன்' பகுதியில் தலைப்புப் பட்டைக்கும் சாளர ஓரத்துக்கும் வண்ணம் தரலாம். 'ஆக்சசிபிலிட்டி' பகுதியில் எழுத்தின் அளவை 225 சதவீதம் வரை உயர்த்தலாம். சுட்டியின் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ திரையில், 'விண்டோ மேனேஜர்' அமைப்பைத் திறந்து 'ஸ்டைல்' பட்டியலில் ஒன்றைச் சொடுக்கினால் போதும். அதில் 'டீஃபால்ட்-எக்ஸ்எச்டிபிஐ' என்பதைத் தேர்ந்தால் மூடும் பொத்தானும் பட்டையும் பெரிதாகும். மவுஸ் பிடிக்கப் பழகும் சிறு குழந்தைகளுக்கு இது பெரிய உதவி.

இரண்டாம் வகை, இயங்குதளத்தின் மேல் தனியாக ஓடும் செயலிகள். பழைய பாணி ஸ்டார்ட் மெனுவைத் தரும் ஓப்பன்-ஷெல், திரையில் கடிகாரம், நாட்காட்டி போன்றவற்றை வைக்கும் ரெயின்மீட்டர் ஆகியவை இலவசத் திறமூல மென்பொருள்கள். சாளரச் சட்டத்தையே மாற்றும் விண்டோபிளைண்ட்ஸ் கட்டண மென்பொருள். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் ஆசிரியருக்கு மிகவும் பயன்படும். அதில் உள்ள ஃபேன்சிஜோன்ஸ், பாடநூலையும் காணொலியையும் அருகருகே நேர்த்தியாக வைக்க உதவும். 'ஆல்வேஸ் ஆன் டாப்' என்ற வசதி, ஒரு சாளரத்தை எப்போதும் மேலேயே நிறுத்தி அதைச் சுற்றி வண்ண ஓரமும் போடும்.

மூன்றாம் வகை, விண்டோஸின் கையொப்பச் சோதனையைத் தாண்டுவதற்காக அதன் சொந்தக் கோப்புகளையே திருத்தும் 'பேட்சர்' நிரல்கள். திரையை முற்றிலும் வேறாக்கிக் காட்டுபவை இவையே. சிக்கலும் இங்கேதான். விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போது அந்தக் கோப்புகளும் மாறும். அப்போது திரை வெறுமையாகலாம், ஸ்டார்ட் மெனு திறக்காமல் போகலாம். வீட்டுக் கணினியில் அது ஒருவரின் தலைவலி. ஆய்வகத்தில் ஒரு வகுப்பின் பாடவேளையே போய்விடும். பொதுக் கணினியில் இந்த வகையை முற்றிலும் தவிர்க்கவே நான் சொல்வேன்.

தீம் என்பது வெறும் படம் அல்ல

"படம்தானே, என்ன ஆகிவிடும்?" என்று நினைத்துக் கண்ட இடத்திலிருந்து தீம் இறக்குவோர் உண்டு. தீம் தொகுப்புக்குள் இயங்கக்கூடிய நிரலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் லினக்ஸின் கேடிஇ பிளாஸ்மா திரைக்காக வெளியிடப்பட்டிருந்த ஒரு தீமை நிறுவிய பயனரின் கோப்புகள் அழிந்தன. அதை அவர் எடுத்தது கேடிஇ திட்டத்தின் சொந்தத் தீம் அங்காடியிலிருந்து. எழுதியவருக்குத் தீய நோக்கம் இல்லை. நிரலில் இருந்த பிழையே காரணம். மதிப்பெண் பட்டியலும் மாணவர் விவரமும் இருக்கும் கணினியில் இது நடந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். 'கிராக்' செய்யப்பட்ட கட்டண மென்பொருள்கள் இதைவிட ஆபத்தானவை.

அழகைவிடத் தெளிவு முக்கியம்

தோற்றத்தை மாற்றுவது அலங்காரம் மட்டும் அன்று. எங்கள் ஆய்வகத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி திரையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தே வேலை செய்வாள். பக்கத்தில் இருப்பவள் படித்துச் சொல்ல, இவள் தட்டச்சு செய்வாள். அவளுக்கென ஒரு தனிப் பயனர் கணக்கு தொடங்கி, எழுத்தை 150 சதவீதமாக்கி, 'நைட் ஸ்கை' என்ற கான்ட்ராஸ்ட் தீமை இட்டேன். கருத்த பின்னணியில் வெளிர் எழுத்து, சுட்டியும் பெரிது. சில நாளிலேயே யார் துணையும் இன்றித் தானே படித்துப் பயிற்சியை முடிக்கத் தொடங்கினாள். செலவு ஏதுமில்லை, எந்த மென்பொருளும் நிறுவவில்லை. இந்த அமைப்புகள் பயனர் கணக்கோடு சேர்ந்தவை என்பதால் மற்ற மாணவர்களின் திரை மாறுவதில்லை. ஆனால் பெற்றோரிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்புவதையும் இதோடு சேர்த்துச் செய்ய வேண்டும்.

பழைய கணினி மெதுவாக இருந்தால் அசைவு, ஒளிபுகும் தன்மை போன்ற காட்சி விளைவுகளை நிறுத்தலாம். ஆனால் எழுத்துருவின் ஓரங்களை மென்மையாக்கும் 'ஸ்மூத் எட்ஜஸ்' குறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தமிழின் புள்ளியும் சுழியும் மங்கி, 'ன', 'ண' போன்ற எழுத்துகளைப் பிரித்தறிவது கடினமாகும்.

நிறுவும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தத் தேவையைக் கணினியில் ஏற்கெனவே உள்ள வசதி நிறைவேற்றுகிறதா?
2. மென்பொருளை அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ அதிகாரப்பூர்வ அங்காடியிலிருந்தோ பெற முடிகிறதா? பள்ளியில் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கிறதா?
3. இயங்குதளத்தின் கோப்புகளைத் திருத்துகிறதா? ஆம் எனில் வேண்டாம்.
4. அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா? நீக்கினால் பழைய நிலை திரும்புமா?
5. கணினியைப் பராமரிப்பவரின் ஒப்புதல் உண்டா?

ஐந்துக்கும் நிறைவான விடை கிடைத்த பின்னும், முதலில் ஒரே ஒரு கணினியில் நிறுவி ஒரு வாரம் பாருங்கள். விண்டோஸ் எனில் நிறுவும் முன் 'ரீஸ்டோர் பாயின்ட்' ஒன்றை உருவாக்கிவிடுங்கள்.

மாணவர்களோடு ஒரு செயல்பாடு

ஒரே தமிழ்ப் பத்தியை மூன்று வேறு தோற்றங்களில் ஸ்மார்ட் போர்டில் காட்டுங்கள்: வெளிர் பின்னணி, கருத்த பின்னணி, பூவேலைப் படத்தின் மேல் எழுத்து. முதல் வரிசையிலிருந்தும் கடைசி வரிசையிலிருந்தும் மாணவர்கள் படிக்கட்டும். எது எளிது, ஏன் என்று குழுவாகப் பேசட்டும். சன்னல் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் விடை மாறுகிறதா என்றும் பார்க்கட்டும். ஒளி, நிறம், எழுத்தளவு என்று அறிவியலும் கலையும் இதில் சேரும். முடிவில், வகுப்பில் மிகவும் சிரமப்பட்டுப் படித்தவருக்கு எந்தத் திரை எளிதாக இருந்ததோ, அதையே ஸ்மார்ட் போர்டின் தோற்றமாக வைத்துவிடுங்கள்.