அறுவடைக் காட்டில் விளையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்

டிசம்பர் பிறந்ததும் பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் ஜிகினா சரங்களும் பிளாஸ்டிக் நட்சத்திரங்களும் தொங்கத் தொடங்கிவிடும். அதே நாட்களில் ஊருக்கு வெளியே மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் முற்றிக் காய்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூருக்கு முன்வரிசை இடம் உண்டு. மணியையும் பஞ்சையும் எடுத்த பிறகு காட்டில் மிஞ்சுவதைக் கொண்டே குடில், நட்சத்திரம், தோரணம் எல்லாவற்றையும் செய்துவிடலாம். அது எப்படிச் சாத்தியம், ஏன் நல்லது என்பதற்கு வேதியியலில் தெளிவான பதில் இருக்கிறது.

தடைப்பட்டியலில் தெர்மாகோல்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் தடைப்பட்டியலில், அலங்காரத்துக்கான தெர்மாகோல் தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. குடிலுக்குத் தெர்மாகோல் மலை கட்டும் பலருக்கு இது தெரியாது.

தெர்மாகோலின் பருமனில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்றுதான். மிச்சம் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். எடை இல்லாததால் உதிர்ந்த மணிகள் காற்றில் பறந்து வாய்க்காலில் விழுந்து ஏரிக்குப் போய்ச் சேரும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்து உள்ளிட்ட வலசைப் பறவைகள் வந்து இறங்கும் பருவமும் இதுதான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதியை 2024இல் பெற்ற ஏரி அது.

ஜிகினாத் தூளும் பிளாஸ்டிக்கே. பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசிப் பொடியாக நறுக்கியதுதான் அந்த மினுமினுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது.

ஒரே சர்க்கரை, இரண்டு பிணைப்பு

மக்காச்சோளக் கதிரைப் போர்த்தியிருக்கும் மேல்தோலை எடுத்துக்கொள்வோம். அதன் வலிமைக்கு முக்கியக் காரணம் செல்லுலோஸ் இழை. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. கதிரிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான். இரண்டிலும் குளுக்கோஸ் ஒன்றோடொன்று பிணையும் விதம் மட்டும் வேறு. அந்தச் சின்ன வேறுபாட்டால் மாவு நமக்கு உணவாகிறது. தோல் நமக்குச் செரிப்பதில்லை. ஆனால் மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் குப்பைக்குழியில் வளரும் பூஞ்சைகளுக்கும் செல்லுலோஸை அறுக்கும் நொதிகள் உண்டு. பாலிஸ்டைரீனை அப்படி எளிதில் அறுக்கும் நொதி மண்ணில் பரவலாக இல்லை. குப்பைக்குழியில் தோல் சில மாதங்களில் மட்கிப்போகும். தெர்மாகோல் அப்படியே கிடக்கும்.

காய்ந்த தோலை மடக்கினால் ஒடியும். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறப்போட்டால் துணிபோல் வளையும். நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே புகுந்து, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துவதே காரணம். அந்த நிலையில் இதழாக வெட்டி, மடித்து, நூலால் கட்டி நிழலில் உலர்த்த வேண்டும். நீர் வெளியேறியதும் இழைகள் புதிய இடத்தில் மறுபடி பிணைந்துகொள்ளும். கொடுத்த வடிவம் நிற்கும். பருத்திச் சட்டைக்கு நீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதே வித்தைதான். மெக்சிகோவிலும் செக் நாட்டிலும் மக்காச்சோளத் தோலில் பொம்மை செய்யும் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஒட்டுவதற்குக் கடைப்பசை வேண்டாம். சோளமாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால் 70 டிகிரி செல்சியஸ் அளவில் மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பி, கூழாகிப் பசை தரும். சுவரொட்டிக்காரர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அதிலுள்ள செம்பு நஞ்சு என்பதால், பின்னர் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும் பொருளில் அதைச் சேர்க்கக் கூடாது. கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை பிடித்த தோலை எடுக்கவே வேண்டாம். மக்காச்சோளத்தில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சைச் சுரப்பவை.

வெடித்த காயும் சவுக்குக் கிளையும்

பஞ்சு எடுத்த பருத்திக் காயின் ஓட்டைக் கவனியுங்கள். நான்கு அல்லது ஐந்து முனையோடு அது இயல்பிலேயே நட்சத்திரம். பருத்திமாரோடு வெட்டிக் கட்டினால் வாசல் வளையம் தயார். குடிலில் பனியாகப் பஞ்சைத் தூவுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: பஞ்சு ஏறத்தாழ முழுக்கச் செல்லுலோஸ், பொறி பட்டால் நொடியில் பற்றும். மெழுகுவத்திக்கு அருகில் அது கூடாது.

கிறிஸ்துமஸ் மரமாகத் தமிழ் வீடுகளில் நிற்பது பெரும்பாலும் சவுக்குக் கிளை. பார்வைக்கு ஊசியிலை மரம் போலிருந்தாலும் சவுக்கு பூக்கும் தாவர இனம். ஊசிபோல் தெரிபவை பச்சையான சிறு கிளைகள். உண்மையான இலைகள் அவற்றின் கணுக்களில் செதில்களாகச் சுருங்கியிருக்கும். அதன் வேர்முண்டுகளில் வாழும் பிராங்கியா என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கிறது. விறகுக்கும் சாரத்துக்கும் வெட்டும் மரத்தின் நுனிக்கிளை போதும். இதற்கென ஒரு மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை.

குடிலுக்குப் பச்சை வேண்டுமென்றால் கேழ்வரகையோ நெல்லையோ தட்டில் தூவிப் பத்து நாள் முன்பே முளைக்கவிடலாம். இருட்டில் வைத்தால் முளைப்பாரிபோல் வெளிர்மஞ்சளாக நீளும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சையம் உருவாகிப் பசுமையாகும்.

கடல் தந்த வெள்ளை

வண்ணத்துக்கும் ஊரிலேயே வழி உண்டு. அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளுக்கு ஆதாரமான சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்தில் இங்கு அலையடித்த கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. கல்லங்குறிச்சிப் பகுதிப் பாறைகளில் அந்தச் சிப்பிகளை இன்றும் காணலாம். சுண்ணாம்பு வெள்ளை தரும். மஞ்சள் தூள் மஞ்சள் தரும். இரண்டையும் குழைத்தால் ஆரத்தித் தட்டின் சிவப்பு வரும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மை பட்டதும் நிறம் மாறுவதே காரணம். குர்குமின் வெயிலில் வெளுக்கும். ஆகவே இவ்வண்ணம் பூசியவை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நட்சத்திரத்துக்குள் போடும் விளக்கிலும் கணக்கு இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பு தினம் ஆறு மணி நேரம் 25 நாள் எரிந்தால் 9 யூனிட் ஆகும். 7 வாட் எல்இடிக்கு ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வெப்பமாகவே போகிறது. காய்ந்த தோலில் செய்த நட்சத்திரத்துக்கு அது ஆபத்து. எல்இடி மட்டுமே ஏற்றது.

குடில் மரபே வைக்கோலில் தொடங்கியதுதான். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை தீவனத்தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் கழுதையும். குடிலில் நிற்கும் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி, அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் குடில் கட்டத் தெர்மாகோல் தேவையில்லை.

பழைய பிளாஸ்டிக் மரமோ நட்சத்திரமோ வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். கிழியும்வரை ஆண்டுதோறும் அதையே பயன்படுத்துவதே சூழலுக்கு நல்லது. புதிதாகச் செய்யும்போதும் வாங்கும்போதும் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது இது எங்கே போகும்? வண்ணமும் பசையும் படாதது மாட்டுத்தொட்டிக்கும், மற்றது சாணத்தோடு எருக்குழிக்கும் போகுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். குப்பை வண்டிக்குத்தான் போகுமென்றால் அதை வாங்காதீர்கள்.