நடிகரோடு நடக்கும் வெளிச்சம்

மேடையில் நடிகர் போகிற இடமெல்லாம் கூடவே போகும் ஒளிவட்டத்துக்கு ஃபாலோ ஸ்பாட் என்று பெயர். மற்ற விளக்குகள் கம்ப்யூட்டரில் பதிந்துவைத்தபடி எரிந்து அணைகின்றன. இதற்கு மட்டும் ஒவ்வொரு காட்சியிலும் ஓர் ஆள் வேண்டும். லண்டன், நியூயார்க் நகரங்களின் பெரிய இசை நாடகங்களில் இதற்கென்றே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பெரும்பாலும் அரங்கின் பின்பக்கம், கடைசி மாடி வரிசைக்கும் மேலே, கூரையை ஒட்டிய இடத்தில்தான் அவர்களுக்கு வேலை.

மேடைக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே இந்த வேலை வந்துவிட்டது. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் தீயைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால் கண் கூசும் வெள்ளொளி கிளம்பும். 1820களில் தாமஸ் டிரம்மண்ட் அதை நில அளவைக்குப் பயன்படுத்தினார். 1837இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அது மேடையேறியது. வாயுக்களைத் தனித்தனிப் பைகளில் அடைத்து, மேலே பாரம் ஏற்றி அழுத்தம் கொடுத்தார்கள். தீ ஒரே இடத்தில் பட்டால் கட்டியில் குழி விழும். அதனால் விளக்குக்கு ஒருவர் பக்கத்திலேயே நின்று, கட்டியைத் திருப்பிக்கொண்டே நடிகர் மேலும் ஒரு கண் வைத்திருந்தார். பிறகு கார்பன் ஆர்க், செனான், இப்போது எல்இடி என்று ஒளியின் மூலம் மாறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் நிற்கும் ஆள் மாறவில்லை. அமெரிக்காவின் ஸ்ட்ராங் நிறுவனம் செய்த ‘சூப்பர் ட்ரூப்பர்’ விளக்கின் பெயரில்தான் ஆபா குழு 1980இல் தன் புகழ்பெற்ற பாட்டை வெளியிட்டது. இயக்குபவர்களின் பெயர் அப்படி வெளியே வந்ததில்லை.

செனான் விளக்கின் குமிழுக்குள் வாயு, குளிர்ந்த நிலையிலும் கடும் அழுத்தத்தில் இருக்கும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அதை மாற்றக் கூடாது. இவ்வகை விளக்குகளைக் காட்சிக்கு நடுவே அணைத்து ஏற்றுவதும் வழக்கமில்லை. காட்சி முடியும்வரை உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும். முன்னால் உள்ள தகட்டைத் திறந்து மூடித்தான் ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும். ஐரிஸ் என்ற வளையத்தின் நெம்புகோல் வட்டத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். இன்னொரு வரிசை நெம்புகோல்கள் வண்ணத்தாள்களை ஒவ்வொன்றாக இறக்கும்.

முழு இருட்டில் நிற்கும் பாடகரின் முகத்தில் முதல் ஒளியை இறக்குவதுதான் இந்த வேலையின் உச்சம். தகடு மூடியிருக்கும்போதே விளக்கைச் சரியான இடத்துக்குத் திருப்பி வைத்தாக வேண்டும். இதற்குப் பலர் விளக்கின் மேல் ஒரு குறிபார்க்கும் கருவியைப் பொருத்திக்கொள்கிறார்கள். வானம் பார்ப்பவர்கள் தொலைநோக்கியில் மாட்டும் டெல்ராட் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அதன் கண்ணாடியில் தெரியும் சிவப்பு வளையம் பாடகரின் தலைமேல் நின்றால் போதும். தகடு திறந்த பிறகு வட்டம் தடுமாறி அவரைத் தேடினால் அந்தப் பாட்டின் தொடக்கமே கெட்டுவிடும்.

ஒளி விழுந்த பிறகு கண்ணுக்கு வேலை. நடிகர் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு விளக்கைத் திருப்பினால் காலம் கடந்துவிடும். அடி எடுத்து வைக்கும் முன் உடல் ஒரு காலுக்கு மாறும். குதிக்கும் முன் நடனக்காரரின் முழங்கால் மடங்கும். தேர்ந்த கை அந்த நொடியிலேயே கிளம்பிவிடும். கால்களை அகட்டி நின்று, இடுப்பிலிருந்து திரும்பினால்தான் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். மணிக்கட்டால் திருப்பினால் துள்ளும். மாற்று நடிகர் வரும் நாளில் நடையே வேறாக இருக்கும் என்பதால், பழகிய கண்ணும் அன்று புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. எந்த நிலையிலும் முகம் மட்டும் ஒளியை விட்டு வெளியே போகக் கூடாது.

யாரை, எந்த வாசலில், எவ்வளவு பெரிய வட்டத்தில், எந்த வண்ணத்தில் பிடிப்பது என்பதெல்லாம் கியூ தாளில் இருக்கும். ஹெட்செட்டில் முதலில் ‘ஸ்டாண்ட்பை’, பிறகு ‘கோ’ என்று குரல் வரும். கை அந்த ஒரு சொல்லுக்கே இயங்கப் பழகியிருப்பதால், காட்சி நடக்கும்போது வேறு எதற்கும் அதை யாரும் உச்சரிப்பதில்லை. இரண்டு நடிகர்கள் எதிரெதிராகக் கடக்கும்போது இரு வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அந்த நேரத்தில் ஆளை விட்டுவிடாமல் பிரித்தெடுப்பதற்கு ஒத்திகை தவிர வேறு வழி இல்லை. வட்டத்தின் விளிம்பு சர்க்கஸில் கத்தியாய்த் தெரியலாம், அங்கே அதுதான் அழகு. குடும்பக் கதையில் அதைக் கரைத்துவிட வேண்டும். ஒளி இருப்பதே தெரியாதபடி முகம் மட்டும் தெளிந்திருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.

பெரிய இசை நிகழ்ச்சிகளில் இயக்குபவர்கள் பாதுகாப்புப் பட்டை கட்டி, கயிற்றேணியில் ஏறி, மேடைக்கு மேலே தொங்கும் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். அந்த உயரத்தின் ஆபத்தைத் தவிர்க்க இப்போது தொலைவிலிருந்து இயக்கும் முறை வந்திருக்கிறது. ஆள் கீழே பத்திரமாக இருந்து, கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்துக் கைப்பிடியைத் திருப்புவார். மேலே விளக்கு அதே திசையில் திரும்பும். இருட்டிலும் பார்க்கும் கேமராக்கள் இருப்பதால் முதல் ஒளியை இறக்குவது எளிதாகியிருக்கிறது. ஆனால் அடுத்த அடி எப்போது விழும் என்பதை அங்கேயும் பெரும்பாலும் மனிதக் கண்தான் கணிக்கிறது.