கரிசலும் கருவேல முள்ளும் கேட்கும் சைக்கிள்

சிவகாசியிலோ ராஜபாளையத்திலோ ஒரு சைக்கிள் கடைக்குள் நுழைந்தால், பிள்ளைகளின் கண் முதலில் போவது தடித்த டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் வைத்த வண்டியின் மேல்தான். 'எம்.டி.பி. மாடல்' என்பார் கடைக்காரர். மலைச் சைக்கிளின் சாயல் அதில் உண்டு. பெரும்பாலும் சாயலோடு சரி. அசலைக் கண்டுகொள்ள வேண்டுமானால், அந்த வண்டியின் எந்த உறுப்பு எந்தத் தரையின் தொல்லைக்காக வந்தது என்று பார்க்க வேண்டும். பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும்: அந்தத் தொல்லைகளில் பலவற்றை, மலையே ஏறாமல், நம் கரிசல் காட்டிலேயே அனுபவித்துவிடலாம்.

கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமல்பாய்ஸ் என்றொரு மலை இருக்கிறது. 1970களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், யாரும் சீண்டாமல் கிடந்த பழைய கனத்த ஷ்வின் சைக்கிள்களை எடுத்து செப்பனிட்டு, மண் பாதையில் மேலிருந்து கீழே ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் அது நேரம் குறித்து நடத்தும் பந்தயமாகவே ஆகிவிட்டது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்து ஹப்புக்குள் பிடிக்கிற பிரேக்கைத்தான் பெரிதும் நம்பினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம்.

உரசினால் சூடு பிறக்கும் என்று தீப்பெட்டி செய்யும் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு சூடு என்று மட்டும் கணக்குப் போடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால், 400 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது தாராளம். காற்றும் மண்ணும் வாங்கிக்கொண்டது போக, மிச்சம் பிரேக்கின் தலையில்தான் விடியும். இன்றைய மலைச் சைக்கிளில் சக்கரத்தின் நடுவே மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று சுழல்கிறது. திரவ அழுத்தத்தால் இருபுறமும் இரண்டு பட்டைகள் அதைக் கவ்வுகின்றன. தட்டு வெட்டவெளியில் சுழல்வதால் சூடு ஆறும். ரிம்மில் சேறு அப்பியிருந்தாலும் பிடிப்புக் குறையாது. லீவரை இழுக்க ஒரு விரல் போதும்.

அந்தப் பந்தயக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ், 1977இல் இந்த ஓட்டத்துக்கென்றே ஒரு ஃபிரேம் கட்டினார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல், டாம் ரிட்சி கட்டிய ஃபிரேம்களை வண்டியாக்கி விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகிக் கடைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டியும் சேர்ந்துகொண்டது.

இறக்கத்துக்குப் பிரேக் என்றால் ஏற்றத்துக்குக் கியர். நம் ஊர்ச் சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருப்பது வழக்கம். பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதரைக்கு அது சரி. கண்மாய்க் கரை மேல் ஏற வேண்டுமானால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இப்போதைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 32 பல் கொண்ட ஒரே சக்கரம். பின்னால் 10 பல்லிலிருந்து 51 பல் வரை பன்னிரண்டு சக்கரங்கள். செயினைப் பெரிய சக்கரத்துக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர்தான் நகரும். வேகம் நடைவேகம், ஆனாலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். சின்னதுக்கு மாற்றினால் அதே ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டர்.

அடுத்தது டயர். சீமைக் கருவேல் மண்டிய பாதையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவது எல்லாம் மனப்பாடம். மலைச் சைக்கிள்காரர்கள் டியூபையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். டயரின் விளிம்பு ரிம்மை இறுகக் கவ்விக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே ரப்பர் பால் கலந்த சீலண்ட் கொஞ்சம் ஊற்றியிருக்கும். முள் குத்தினால் காற்றோடு பீறிவரும் சீலண்ட், துளையிலேயே உறைந்து அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கிவிட்டு, துளை அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால், சீறல் மெல்ல அடங்குவது காதிலேயே கேட்கும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. சீலண்ட் நாளாக ஆக உள்ளேயே காய்ந்தும் போகும். நம் வெயிலுக்கு அடிக்கடி திறந்து பார்த்து ஊற்றுவது நல்லது.

டியூப் இல்லாததில் இன்னொரு லாபம், காற்றைக் குறைத்து வைக்கலாம். சாதா சைக்கிளில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு என்றால், இதில் 20 முதல் 25 வரை போதும். அழுத்தம் பாதியானால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சரளையில் வழுக்காமல் போவது அதனால்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில், ஒல்லி டயர் வெடிப்புக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். இரண்டேகால் அங்குல டயர் பெரும்பாலும் மேலேயே தாண்டிவிடும். ஐப்பசி மழையில் கதை வேறு. ஈரக் கரிசல் டயரில் கட்டி கட்டியாய் ஏறி, ஃபோர்க்கு வரை அடைத்துக்கொள்ளும். மட்கார்டு இல்லாமலும் இடைவெளி கூட்டியும் மலைச் சைக்கிளைச் செய்வது சேறு அடையாமல் இருக்கத்தான். ஆனாலும் ஈரக் கரிசலிடம் எந்த வண்டியும் தோற்கும். அந்த நாட்களுக்குச் செம்மண், சரளைப் பாதைகள்தான் லாயக்கு.

கடைசியாக, கடையில் கண்ணைப் பறிக்கும் ஷாக். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன் ஷாக் 1989இல்தான் வந்தது. ஆரம்பக் காலத்து மலைச் சைக்கிள்கள் அது இல்லாமலேயே மலை இறங்கின. அசல் ஷாக்கில் இரண்டு வேலை நடக்கும்: ஸ்பிரிங்கோ அடைத்த காற்றோ அதிர்ச்சியை வாங்கும்; சிறு துளைகள் வழியே தள்ளப்படும் எண்ணெய், அது திரும்பத் துள்ளாமல் அடக்கும். மலிவு வண்டியில் பெரும்பாலும் முதல் பாதி மட்டும்தான். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தி விட்டுப் பாருங்கள். நிதானமாக எழுந்தால் எண்ணெய் இருக்கிறது. 'டக்'கென்று துள்ளினால் வெறும் ஸ்பிரிங். அது மிதிக்கிற பலத்தைத் தின்னும், வண்டிக்குக் கனமும் கூட்டும்.

இந்த வண்டிகளின் முழுத் திறமையும் நமக்குப் பக்கத்திலேயே அரங்கேறியிருக்கிறது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனால், 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அந்த மலையைப் பார்த்து வரலாம். உள்ளூர் மலையில் இதற்கு ஆசைப்பட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே சைக்கிளோடு நுழைய முடியாது. பட்டாசு ஆலைகளின் வேலிப் பக்கமும் வேண்டாம். கண்மாய்க் கரைகளும், அடிவார மாந்தோப்புகளை ஒட்டிய வண்டிப் பாதைகளும் பழகுவதற்குப் போதும்.

ஆகவே நம் பக்கத்தில் வாங்குகிறவர்கள், பணத்தை முதலில் டயரில் போடுங்கள், பிறகு பிரேக்கில், அதன் பிறகு கியரில். அதற்கும் மேல் காசு இருந்து, எண்ணெய் வைத்த ஷாக் கிடைத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் ஷாக் இல்லாத வண்டியே மேல். அதில் மிஞ்சுகிற பணம் ஒரு ஹெல்மெட்டுக்கும் கைப் பம்புக்கும் ஆகும்.