உணவும் குழந்தைகளின் நடத்தையும்: ஐயமும் தெளிவும்

திருமண விருந்துகளிலும் பெருநாள் கூடல்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு குற்றச்சாட்டு உண்டு: "இனிப்பைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் போடும் ஆட்டத்தைப் பாருங்கள்!" இதற்கு நேர்மாறாக, "பிள்ளை அடங்காமல் திரிவதற்கு வளர்ப்பே காரணம், தின்பண்டத்தின் மீது பழி போடலாகாது" என்போரும் உளர். முதற்கூற்றை நம்பும் தாய் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறாள். இரண்டாம் கூற்றை நம்பும் தந்தையோ பிரம்பைத் தேடுகிறார். இடையில் அகப்பட்டுத் தவிப்பது குழந்தையே. ஆதலின், உணவுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வுகள் எதனை நிறுவியுள்ளன, எதனை நிறுவவில்லை என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

முதற்கண் இரண்டினைப் பிரித்தறிதல் வேண்டும். உணவு ஒவ்வாமை என்பது, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் பால், முட்டை, நிலக்கடலை, இறால் போன்றவற்றிலுள்ள தீங்கற்ற புரதத்தைப் பகையெனக் கருதி எதிர்வினை ஆற்றுவதாகும். தடிப்பு, அரிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியன அதன் அடையாளங்கள். உணவு ஒத்துக்கொள்ளாமை என்பது வேறு. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிப்பிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்க்குப் பால் பருகியபின் வயிற்றுப் பொருமலும் கழிச்சலும் உண்டாவது இவ்வகை. இவ்விரண்டும் பெரும்பாலும் மறைமுகமாகவே நடத்தையைத் தாக்குகின்றன. இரவெல்லாம் அரிப்பினால் உறங்காத குழந்தை பகலில் எரிந்து விழுகிறது. வயிற்றுவலியைச் சொல்லத் தெரியாத மழலை அழுது அடம்பிடிக்கிறது. அதனைப் பிடிவாதம் என்று தண்டிப்பது எத்துணை அநீதி!

உணவு நேரடியாகவே நடத்தையை மாற்றுமா என்ற வினாவைப் பரவலாக்கியவர், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பணியாற்றிய ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைங்கோல்டு ஆவார். செயற்கை வண்ணங்களும் சுவையூட்டிகளும், சில கனிகளில் இயற்கையாகவே உள்ள சாலிசிலேட்டுகளும் பிள்ளைகளின் மிகைச் சுறுசுறுப்புக்குக் காரணமாகலாம் என்று 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் எடுத்துரைத்தார். 1975இல் வெளிவந்த அவரது நூலைப் படித்த பெற்றோர் பலர், அவர் வகுத்த உணவுமுறையால் தம் பிள்ளைகள் மாறிவிட்டதாகக் கூறினர். ஆயினும், உணவு மாற்றப்பட்டதை அறிந்தோர் கூறும் சான்று மட்டும் போதுமா என்ற வினா எழுந்தது.

ஒப்பீடின்றி உண்மை புலப்படாது என்னும் உணர்வு பழமையானது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸீ, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளருள் ஒரு பிரிவினருக்குக் குருதி வாங்கிச் சிகிச்சையளித்து, மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே அதனைச் செய்யாது விட்டு, இரு பிரிவினரையும் ஒப்பிட்டுப் பார்த்ததை 'அல்-ஹாவீ'யில் காண்கிறோம். குருதி வாங்கும் அச்சிகிச்சையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை; ஆயினும் ஒப்பிட்டறியும் நெறி இன்றும் நிலைத்துள்ளது.

அந்நெறியின் வழி நின்ற ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2007இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டதாகும். 3 வயதினர் 153 பேரும், 8, 9 வயதினர் 144 பேரும் அதில் இடம்பெற்றனர். சில வாரங்கள் வண்ணங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், சில வாரங்கள் அவை கலவாத பானம் என மாறி மாறித் தரப்பட்டது. எது எப்போது தரப்பட்டது என்பதைக் குழந்தையோ பெற்றோரோ ஆசிரியரோ அறியார். கலவைப் பானம் பருகிய காலத்தில் மிகைச் சுறுசுறுப்பு சராசரியாகச் சற்றே கூடியது. எனினும், எல்லாக் குழந்தைகளிடத்தும் அம்மாற்றம் ஒரே சீராக இல்லை. உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் மரபணுக்களின் வேறுபாடு இதற்கொரு காரணமாகலாம் என்பதை அக்குழுவினரே 2010இல் எடுத்துக்காட்டினர்.

சான்று வலுவற்றது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் கருதியபோதிலும், அவ்வாய்வுக்குரிய ஆறு வண்ணங்களுள் எதனைச் சேர்த்தாலும் குழந்தைகளின் நடமாட்டத்தையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டுமென்ற விதி 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறனுள் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சியூ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவில் அனுமதி பெற்றவை. உறையில் முறையே 102, 110, 122, 124 என்னும் எண்களைக் கொண்டு அவற்றை அறியலாம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது வேறு காரணத்தால். அதில் காணப்பட்ட ரோடமின்-பி உணவுக்கே ஆகாத சாயமாகும்.

இனி, சர்க்கரைக்கு வருவோம். 23 ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரை, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. சர்க்கரை தம் மகனுக்கு ஆகாது எனக் கருதிய தாய்மார் அதில் பங்கேற்றனர். பிள்ளைகள் அனைவருக்கும் சர்க்கரையற்ற பானமே தரப்பட்டது. ஆனால், மகன் சர்க்கரை உண்டதாகச் சொல்லப்பட்ட தாய்மார், அவன் அதிகம் துள்ளியதாகக் கூறினர். அவனைக் கூடுதலாகக் கண்டிக்கவும் செய்தனர். மாறியது பிள்ளையன்று, பார்வையே. சர்க்கரை பற்களுக்கும் உடற்பருமனுக்கும் தீங்கானது என்பது மெய்; பெருநாள் ஆட்டத்திற்கோ, கூட்டமும் உறக்கக் குறைவும் அன்று கிடைக்கும் சுதந்திரமுமே போதிய காரணங்கள்.

ஆகவே, ஐயமுற்ற பெற்றோர் செய்யத்தக்கது யாது? உண்டதையும் உறங்கியதையும் நடந்துகொண்டதையும் இரு வாரங்கள் குறித்து வருக. வண்ணமிட்ட மிட்டாயும் பானமும் ஊட்டச்சத்துக்குத் தேவையற்றவை. அவற்றை நிறுத்திப் பார்ப்பதால் இழப்பேதும் இல்லை. நிறுத்தியதை ஆசிரியரிடம் கூறாமலே அவர் கண்ட மாற்றத்தைக் கேட்டறிக. பாலையும் முட்டையையும் கோதுமையையும் நாமே நீக்குவது அவ்வாறன்று; வளரும் உடலுக்குரிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதனால் குறையக்கூடும். மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் கலந்தே அதனைச் செய்தல் வேண்டும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ கண்ட உணவை வீட்டில் மீண்டும் கொடுத்துச் சோதிப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

உண்பதைவிட, உண்ணக் கிடைக்காததே பல இல்லங்களில் காரணமாகிறது என்பதையும் மறத்தலாகாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுள் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரும்புச்சத்துக் குறைவு சோர்வையும் சிடுசிடுப்பையும் கவனச் சிதறலையும் தரவல்லது. காலை உணவின்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பதும் எங்ஙனம் பொருந்தும்?

உணவு எல்லாவற்றிற்கும் காரணமன்று. எதற்குமே காரணமன்று என்பதும் பிழை. குழந்தையின் அடத்தைக் கண்டவுடன் தீர்ப்பு வழங்காது, அதன் வயிற்றையும் உறக்கத்தையும் தட்டையும் விசாரித்தறிவதே நம் கடமையாகும். தன் வலியைத் தானே எடுத்துரைக்க இயலாத பருவத்தினர்க்கு, பெரியோரின் பொறுமையான கவனிப்பே சாட்சியாகவும் வழக்குரைப்பாகவும் அமைகிறது.