பிபிடி பாடத்தை குரலோடு வீடியோ ஆக்கணுமா? காசு செலவில்லாமல் எந்த சாஃப்ட்வேர் சரியா இருக்கும்?

தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூரில் ஒரு டீச்சர், 10ஆம் வகுப்பு அறிவியலுக்கு 20 ஸ்லைடு தயார் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலால் லீவு போட்ட மாணவிக்கு அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன ஆகும்? படம் போய்ச் சேரும், டீச்சரின் விளக்கம் போகாது. பாமினி போன்ற பழைய ஃபாண்டில் டைப் செய்திருந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித் தெரியும். அதே ஸ்லைடுகளைக் குரலோடு வீடியோவாக மாற்றினால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்.

கல்வித் தொலைக்காட்சி இருக்கே?

இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதி தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, 2020ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுக்கே பாடங்களைக் கொண்டுவந்தது. ஆனால் அது மாநிலம் முழுக்க ஒரே பாடம். நம்ம வகுப்புப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுது என்பது அந்த வகுப்பு ஆசிரியருக்குத்தான் தெரியும். அதனால் சொந்தமாக வீடியோ எடுப்பதற்கு இன்றும் தேவை இருக்கிறது.

1. பவர்பாயிண்ட் போதுமே!

லேப்டாப்பில் பவர்பாயிண்ட் இருந்தால் வேறு சாஃப்ட்வேர் தேடவே வேண்டாம். 'ஸ்லைடு ஷோ' பகுதியில் உள்ள 'ரெக்கார்ட்' வசதியை அழுத்தி, ஸ்லைடை மாற்றிக்கொண்டே பேசலாம். பிறகு 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'கிரியேட் எ வீடியோ' என்று போனால் எம்பி4 வீடியோ தயார்.

இதில் பெரிய வசதி, குரல் ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனியாகப் பதிவாகும். 7வது ஸ்லைடில் உளறிட்டீங்களா? அதை மட்டும் திரும்பப் பேசினால் போதும். ஒரே ஒரு கவனம்: ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது வரும் அந்த நொடியில் பேசாதீங்க. அந்த இடைவெளியில் பேசுவது பதிவாகாது.

2. பவர்பாயிண்ட் இல்லையா? ஓபிஎஸ் ஸ்டுடியோ

இது முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், பிடிஎஃப், பிரவுசர் என்று திரையில் எது தெரிந்தாலும் குரலோடு பதிவு செய்யும். விண்டோவையோ முழுத் திரையையோ தேர்ந்தெடுத்து, மைக்கைச் சரிபார்த்து, 'ஸ்டார்ட் ரெக்கார்டிங்' கொடுத்தால் போதும்.

ஆனால் இது தொடர்ச்சியான ஒரே பதிவு. நடுவில் தவறினால், பிறகு எடிட்டிங் சாஃப்ட்வேரில் வெட்ட வேண்டும். அதனால் 20 ஸ்லைடையும் ஒரே மூச்சில் எடுக்காமல், 5 ஸ்லைடுக்கு ஒரு வீடியோ என்று பிரிச்சு எடுப்பது நல்லது.

3. போன் மட்டும்தான் இருக்கா?

ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டர் வசதி உண்டு. ஐபோனிலும் இருக்கிறது. ஸ்லைடைத் திறந்து, மைக்ரோபோனை ஆன் செய்துவிட்டுப் பேசுங்க. அதற்கு முன் ஏரோபிளேன் மோடு போட்டுடுங்க. இல்லையென்றால் நடுவில் வரும் அழைப்பும், பேங்க் மெசேஜும், ஓடிபியும் வீடியோவில் பதிவாகி வகுப்பு குரூப்புக்கே போய்விடும்.

நடுவில் கரண்ட் போனா?

பேட்டரி நிற்காத பழைய லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. எம்பி4 வகையில் பதிவாகும்போது பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தால், பல நேரம் அந்த ஃபைல் திறக்கவே திறக்காது. ஃபைலைத் திறக்கத் தேவையான விவரம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும் என்பதே காரணம். ஓபிஎஸ்ஸில் எம்கேவி வகையைத் தேர்ந்தெடுத்தால், அணைந்த நேரம் வரை எடுத்தது பிழைக்கும். பிறகு அதே ஓபிஎஸ்ஸின் 'ரீமக்ஸ்' வசதியில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். பவர்பாயிண்ட் என்றால் நாலைந்து ஸ்லைடுக்கு ஒருமுறை சேவ் பண்ணிடுங்க.

டேட்டாவைக் காலி செய்யாமல் அனுப்புவது எப்படி?

விநாடிக்கு 2,500 கிலோபிட் அளவில் பதிவானால் 10 நிமிட வீடியோ சுமார் 190 எம்பி வரும். 1,000 கிலோபிட் என்றால் 75 எம்பிதான். ஸ்லைடில் அசைவு குறைவு என்பதால் இதுவே தெளிவாக இருக்கும். ஓபிஎஸ்ஸின் 'அவுட்புட்' பகுதியில் இதை மாற்றலாம். பவர்பாயிண்டில் 720பி தேர்ந்தெடுங்க. வாட்ஸ்அப்பில் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினால் எழுத்து மங்காது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பவர்பாயிண்ட் இருந்தால் அதிலேயே செய்யுங்க. இல்லையென்றால் ஓபிஎஸ். கம்ப்யூட்டரே இல்லையென்றால் போன். எதுவானாலும் முதலில் ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து, இயர்போனில் கேட்டுப் பாருங்க. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூட பிள்ளைகள் சமாளிச்சிடுவாங்க. குரல் கேட்கலைன்னா பாடமே இல்லை.